சீமையில் சனி, ஞாயிறு: வாசகர் கேள்வி பதில்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றியும், அங்கே போகவிருப்போரின் ஐயங்களைப் பற்றியும் மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஜெர்மனியின் கொலோன் நகரில் பல ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்டவன் என்பதால், என் பதில்கள் பெரும்பாலும் அந்த நாட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் ஒட்டியே இருக்கும்.

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் மென்பொருள் வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. வாரம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டிலிருந்து படம் அனுப்புகிறான். ஒரு வாரம் பெல்ஜியம், மறு வாரம் ஹாலந்து. சம்பாதிப்பதையெல்லாம் ஊர் சுற்றியே தீர்த்துவிடுவானோ, வேலையில் கவனம் இல்லையோ என்று என் வீட்டுக்காரர் கவலைப்படுகிறார்.
– குடும்பத்தலைவி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் கவலை அதிலேயே தீர்ந்துவிடும். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் ஆகன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே நகரப் பேருந்தில் ஏறினால், உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வர ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் நெதர்லாந்தின் (நீங்கள் சொல்லும் ஹாலந்துதான்) வால்ஸ் என்ற சிற்றூரில் இறங்கிவிடலாம். அவ்வூரை ஒட்டி 322 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் கூடும் இடத்தில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. கல்லைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் மூன்று நாடுகளிலும் கால் வைத்தாகிவிடும். படத்தில் நாட்டின் பெயர் மாறுகிறது என்பதற்காக, மகன் நெடுந்தொலைவு போய்விட்டதாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

நாடு விட்டு நாடு போக விசா வேண்டாமா என்று கேட்பீர்கள். 1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற ஊரில், தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை விலக்கிக்கொள்ள ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம்தான் இந்த வசதிக்குத் தொடக்கம். இன்று அந்த வட்டத்துக்குள் 29 நாடுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒரு நாட்டில் வசிப்பதற்கான அனுமதி அட்டை பெற்றவர், மற்ற 28 நாடுகளுக்கும் தனி விசா எடுக்காமல், எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாட்கள் வரை சென்று வரலாம்.

செலவைப் பொறுத்தவரை, 2023 மே மாதம் ஜெர்மன் அரசு 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதச் சீட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் 49 யூரோவாக இருந்த அதன் விலை 2025 ஜனவரியில் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உயர்ந்திருக்கிறது. நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். ஆனால் அந்த ஒரே சீட்டில் நாடு முழுவதும் உள்ள நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, மெதுவாகச் செல்லும் வட்டார ரயில்கள் என அனைத்திலும் மாதம் முழுவதும் போய் வரலாம். அலுவலகம் போவதற்காக உங்கள் மகன் எப்படியும் அந்தச் சீட்டை வாங்கியிருப்பார். சனிக்கிழமை எல்லை வரை போவதற்குத் தனியாக ஒரு காசும் ஆகாது. கையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் மாலையில் அறைக்குத் திரும்பிவிட்டால் ஒரு நாள் பயணத்தின் செலவு மிகச் சிறியது.

உண்மையில் அவருடைய சம்பளத்தைத் தின்பது வீட்டு வாடகைதான். வாடகைக்கு வீடு பிடிக்கும்போது மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டுமே இருக்கும். அடுப்பும் அலமாரியும் கழுவுதொட்டியும் குடியேறுபவரே வாங்கிப் பொருத்த வேண்டும். முதல் ஆண்டில் சேமிப்பு குறைவாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். உங்கள் வீட்டுக்காரர் பயணத்தைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக, வாடகை எவ்வளவு, சமையலறைக்கு என்ன செலவாயிற்று என்று கேட்டுப் பார்க்கட்டும். மகன் மனம் விட்டுப் பேசுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் அனுப்பும் படத்தில் எல்லைக்கல் தெரியும். துணி துவைத்து, தரை துடைத்து, ஒரு வாரத்துக்கான காய்கறியை முதுகுப்பையில் சுமந்து வந்து, குப்பையைத் தாளென்றும் பிளாஸ்டிக்கென்றும் உணவுக் கழிவென்றும் பிரித்துப் போட்ட வேலைகள் தெரியா. வேலைக்காரர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே அரிது. அத்தனையையும் முடித்தபின் கிடைக்கும் ஒரு பகல் பொழுதை நாலு சுவருக்குள் கழிக்காமல் வெளியே போய்வரும் பிள்ளையைப் பற்றி எனக்கு மகிழ்ச்சியே தவிர, கவலை இல்லை.

கேள்வி: அடுத்த மாதம் கொலோனில் வேலைக்குச் சேரப் போகிறேன். முதல் ஆண்டிலேயே ஐரோப்பியத் தலைநகரங்கள் அனைத்தையும் சனி, ஞாயிறுகளில் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எப்படித் திட்டமிடுவது?
– பொறியாளர், மதுரை அண்ணாநகர்

பதில்: தம்பி, பட்டியலைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் எழுதித் தரும் சான்று வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, அனுமதி அட்டைக்கான வேலையும் நகராது. எனவே முதல் சில வாரங்கள் காகிதங்களுக்கே சரியாகிவிடும்.

அதன் பிறகும் தலைநகரங்களை விரட்டிக்கொண்டு ஓட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறி, விடியற்காலையில் கண் எரிய இறங்கி, இரண்டு நாட்களும் புகழ்பெற்ற கட்டடங்களின் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, திங்கள் காலையில் தூக்கமில்லாமல் அலுவலகத்தில் உட்காரும் இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிவில் பதினைந்து நகரங்களின் படங்கள் அவர்களிடம் இருக்கும். தாம் குடியிருக்கும் தெருவில் பேசிப் பழகியவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். சுற்றுலாப் பயணிக்கு நேரமில்லை, அதனால் அவர் ஓடுகிறார். நீங்கள் அங்கேயே வாழப் போகிறவர். உங்களுக்கு அந்த அவசரம் எதற்கு?

உங்கள் ரயில் நிலையத்தின் வாசலிலேயே கொலோன் பேராலயம் நிற்கிறது. 1248-இல் தொடங்கிய அதன் கட்டுமானம், இடையில் நூற்றாண்டுக் கணக்கில் நின்றுபோய், 1880-இல்தான் முடிந்தது. 157 மீட்டர் உயரக் கோபுரங்களில் தெற்குக் கோபுரத்தின் 533 படிகளையும் ஏறி ஒரு நாள் நகரத்தைப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை வட்டார ரயிலில் கோப்லன்ஸ் நகருக்குப் போய், அங்கிருந்து ரைன் ஆற்றின் இடது கரையோடு பிங்கன் வரை செல்லும் வண்டியில் ஏறுங்கள். ஆற்றைப் பார்க்கும் பக்கத்தில், அதாவது போகும்போது இடது பக்கத்து ஜன்னலில் உட்கார வேண்டும். 2002-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பள்ளத்தாக்கு அது. செங்குத்தான சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை, கௌப் என்ற ஊரின் எதிரே ஆற்றின் நட்டநடுவில் தீவுத் திட்டின் மேல் சுங்கம் வசூலிப்பதற்கென்றே கட்டிய வெள்ளைக் கோட்டை என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும்.

கோட்டைகளைவிட என்னைக் கவர்ந்தவை அங்கே ஓடும் சரக்குப் படகுகள். நிலக்கரியும் மணலும் ஏற்றி, தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்கு அமிழ்ந்து, எதிர் நீரோட்டத்தில் மெல்ல ஏறி வரும் நீண்ட படகின் பின்பகுதியில் படகோட்டியின் குடும்பம் வசிக்கும் வீடு இருக்கும். அதன் ஜன்னலில் பின்னல் திரை தொங்கும், பூந்தொட்டி இருக்கும். கூரைக்கு மேலே அவர்களுடைய கார் நிற்கும். கரை சேர்ந்த ஊரில் காரை இறக்கிக்கொண்டு கடைக்குப் போய்வருவார்கள். சாங்க்ட் கோவார் என்ற ஊரில் இறங்கி, எதிர்க்கரையில் 132 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் லோரலாய் பாறையைப் பார்த்தபடி ஆற்றங்கரை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இதையெல்லாம் காணலாம். தண்ணீர் வற்றாமல் ஓடும் ஓர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வைகைக் கரையில் வளர்ந்த நமக்கு எத்தனை பெரிய நிறைவு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு ட்ரியர் நகரின் ரோமானிய வாயிலைப் பாருங்கள். அங்கிருந்து லக்ஸம்பர்க் பக்கம்தான். அந்த நாட்டுக்குள் பேருந்தும் டிராமும் இரண்டாம் வகுப்பு ரயிலும் 2020 முதல் எல்லோருக்கும் இலவசம். பாரிஸ் கொலோனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். பல வாரங்கள் முன்னதாக எடுத்தால் சீட்டு மலிவு, கடைசி நேரத்தில் மிக அதிகம்.

நடைமுறையில் மூன்று எச்சரிக்கைகள் சொல்கிறேன். முந்தைய பதிலில் சொன்ன மாதச் சீட்டு ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. தவறான வண்டியில் ஏறிப் பிடிபட்டால் குறைந்தது 60 யூரோ அபராதம். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மீண்டும் சோதனையை நடத்துகிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கன் வட்டத்தில் இல்லாதவை என்பதால் அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையே திறக்க மாட்டார்கள் என்று என் மருமகன் சொல்கிறார். நம்ப முடியவில்லை. நம் ஊரில் ஞாயிறுதானே கறிக்கடையில் கூட்டம்?
– வாசகர், மேலூர்

பதில்: மருமகன் சொல்வது உண்மை. ஞாயிறு ஓய்வு நாள் என்பது ஜெர்மனியின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ஆம் ஆண்டு சட்டத்தின் அந்தப் பிரிவை இன்றைய சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பேக்கரிகள் சில மணி நேரம் திறந்திருக்கும். பெரிய ரயில் நிலையங்களின் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும் உண்டு. மருந்துக்கு முறை வைத்துத் திறக்கும் மருந்தகம் இருக்கும். மற்றபடி கறி, காய், அரிசி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். திங்களும் விடுமுறையாக வந்துவிட்டால் இரண்டு நாளுக்குச் சேர்த்து.

கடை மட்டுமல்ல, சத்தமும் கூடாது. சுவரில் துளையிடுவது, புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது, காலிக் கண்ணாடிப் பாட்டில்களைத் தெருவிலுள்ள தொட்டியில் போடுவது எல்லாம் ஞாயிறன்று விலக்கு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும் அப்படியே. இட்லிக்கு மாவு அரைப்பவர்கள் கிரைண்டரைச் சனிக்கிழமைப் பகலிலேயே ஓட்டி முடித்துவிடுவார்கள். அந்தக் குளிரில் மாவு தானாகப் புளிக்காது என்பதால், அடுப்புப் பெட்டியின் (ஓவன்) விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் பாத்திரத்தை வைப்பது அங்குள்ள நம்மவர் வீடுகளில் வழக்கம். முதலில் எனக்கும் இந்த ஞாயிறு பெரும் இடைஞ்சலாகத்தான் இருந்தது. நாளடைவில், கடைக்காரருக்கும் விற்பனைப் பெண்ணுக்கும் தம் பிள்ளைகளோடு இருக்க ஊரே சேர்ந்து விட்டுக்கொடுக்கும் நாள் இது என்று எண்ணி மதிக்கத் தொடங்கினேன்.

கேள்வி: திருமணம் முடிந்து கணவருடன் ஜெர்மனி செல்ல இருக்கிறேன். எம்.காம். படித்திருக்கிறேன். அவர் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருக்க வேண்டுமே என்று இப்போதே பயமாக இருக்கிறது. குளிர்காலம் மனத்தைச் சோர்வாக்கும் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, செல்லூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. எத்தனையோ பேர் வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டு தவிப்பதை நீங்கள் புறப்படும் முன்பே கேட்டுவிட்டீர்கள்.

குளிரைவிட இருட்டுதான் கடுமையானது. டிசம்பர் நடுவில் கொலோனில் காலை எட்டரை மணி வாக்கில் சூரியன் எழுந்து மாலை நாலரைக்குள் மறைந்துவிடும். பல நாள் அதுவும் மேகத்துக்குப் பின்னால்தான். நண்பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடந்துவிட வேண்டும். கனமான கோட்டும் நீர் புகாத காலணியும் அங்கே போனதும் வாங்க வேண்டிய முதல் பொருட்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். நலக் காப்பீடு அங்கே கட்டாயம் என்பதால் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தனிமைக்கு மருந்து மொழி. துணைவர் விசாவுக்கு ஜெர்மன் மொழியில் ஏ1 எனப்படும் தொடக்க நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்குத் தரும் அனுமதியான, நீல அட்டை எனப்படும் புளூ கார்டு கணவரிடம் இருந்தால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் படித்துவிட்டே போங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். அலுவலகத்தில் கணவர் ஆங்கிலத்தில் காலம் தள்ளிவிடலாம். மருத்துவமனை வரவேற்பிலும், அடுத்த வீட்டுப் பாட்டியிடமும், கடிதப் பெட்டியில் வந்து விழும் அரசுக் கடிதங்களிலும் ஜெர்மன்தான். ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல' என்ற பொதுமக்கள் கல்விக்கூடம் உண்டு. குறைந்த கட்டணத்தில் மொழி வகுப்பு நடக்கும். உங்களைப் போலவே துணையோடு வந்த சிரியா, துருக்கி, உக்ரைன் நாட்டுப் பெண்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். அங்கே கிடைக்கும் தோழமை வார இறுதிச் சுற்றுலாவில் கிடைக்காது.

துணைவர் விசாவில் செல்பவருக்கு வேலை செய்யும் உரிமையும் உண்டு. எம்.காம். பட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பதை 'அனபின்' என்ற அரசுத் தகவல் தளத்தில் இப்போதே பார்த்து வையுங்கள். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

நம் மொழி பேசும் மக்களும் தொலைவில் இல்லை. 1983 வன்முறைக்கும் போருக்கும் பிறகு நாட்டை விட்டுப் போன ஈழத்தமிழர்கள் அந்த மண்ணில் கடை வைத்து, தமிழ்ப்பள்ளி நடத்தி, கோயிலும் கட்டியிருக்கிறார்கள். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் கோபுரம் 17 மீட்டர் உயரம். கோடையின் தொடக்கத்தில் நடக்கும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். தீர்த்தவாரி பக்கத்திலுள்ள கப்பல் கால்வாயில் நடக்கும். பாரிஸில் லா ஷப்பல் பகுதியின் மாணிக்க விநாயகர் தேரும் அப்படியே. தெருவில் சிதறு தேங்காய் உடைப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள். நமக்கு அங்கே முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் எளிதாகக் கிடைப்பது அவர்கள் பட்ட பாட்டினால் என்பதை மறவாமல், வாங்கும் கடையில் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் நாம் முன்னால் இருக்கிறோம். செல்லூரில் அம்மா இரவுச் சாப்பாட்டை முடிக்கும் ஒன்பது மணி அங்கே மாலைப் பொழுது. நாள் முழுவதும் செல்பேசியில் ஊரோடு இருந்தால், இருக்கும் ஊர் கடைசி வரை அந்நியமாகவே இருந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு ஊரிலிருந்து வெற்றிலை, கறிவேப்பிலை, பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் கொடுத்துவிடலாமா?
– வாசகி, சோழவந்தான்

பதில்: நீங்கள் கேட்ட நான்கையும் தவிர்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் பயணிகள் இறைச்சியோ, நெய் உட்படப் பால் பொருட்களோ கொண்டுவரத் தடை இருக்கிறது. உப்புக்கண்டம் அதனால் முடியாது. பால்கோவா முழுக்கப் பால் என்பதால் சுங்கத்தில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம். பச்சை இலை, காய், பழம், பூ ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். சோழவந்தான் வெற்றிலைக்கும் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு உண்டே தவிர, அந்தச் சான்று இல்லாமல் உள்ளே போகாது. அன்னாசி, வாழை, தேங்காய், துரியன், பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. கருவாடு 20 கிலோ வரை அனுமதி என்றாலும் வாசம் வெளியேறாமல் கட்ட வேண்டும். மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, முறுக்கு, அதிரசம் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். மிக்ஸி கொடுப்பதானால், மின்னழுத்தம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான். பிளக்கின் முனைகள் மட்டும் பொருந்தா, மாற்றுப் பிளக் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் அறுபது கடந்துவிட்டது. மகன் மூன்று மாதம் வந்து தங்கச் சொல்கிறான். எந்த மாதம் போகலாம்? என்னென்ன ஆயத்தம் வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநகர்

பதில்: ஐயா, சித்திரைத் திருவிழாவை விட்டுவிட்டுப் புறப்பட உங்களுக்கு மனம் வராது, விடவும் வேண்டாம். அழகர் மலைக்குத் திரும்பியபின், மே நடுவில் கிளம்பினால் அங்கே இளவேனில். ஆகஸ்ட் வரை இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலையில் மகன் அலுவலகத்திலிருந்து வந்தபிறகும் மூவருமாக நடந்துவரலாம்.

விருந்தினருக்கான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். 'மூன்று மாதம்' என்று பொதுவாக எண்ணாமல், வந்திறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் சேர்த்து நாட்களை எண்ணிச் சீட்டுப் போடுங்கள். விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாட்களுக்குள் என்றால் ஏற்க மாட்டார்கள். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் செலவுக்குத் தாம் பொறுப்பு என்று மகன் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும் பத்திரம் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். அலுவலக நேரம் கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம் என்பதால் அதை முதலில் தொடங்கச் சொல்லுங்கள்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்றவற்றுக்கான வழக்கமான சிகிச்சையை இத்தகைய காப்பீடுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே மூன்று மாத மாத்திரைகளையும் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதித் தந்த சீட்டையும் கைப்பையில் வையுங்கள். அவசர உதவிக்கு 112, இரவிலோ ஞாயிறன்றோ சாதாரண உடல்நலக் குறைவுக்கு மருத்துவரை அழைக்க 116117. இரண்டு எண்களையும் தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிடுங்கள்.

வார இறுதிகளில் மகன் உங்களைப் பல நாடுகளுக்கு அழைத்துப்போக ஆசைப்படுவார். ஒரு சனிக்கிழமைக்கு ஓர் ஊர் போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருங்கல் பாவிய பழைய தெருக்கள் முழங்காலைச் சோதிக்கும். அங்குள்ள பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன், மகன் எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறார் என்று கேட்டுவிட்டு, இப்போதிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.